கதவில் கட்டிய சிவப்பு

"யாரைக் கேட்டுடி இதைக் கட்டுனே?"

லைன் வீட்டு ஓனர் நாராயணப்பன், முதல் கதவில் தொங்கிய சிவப்புத் துணியைப் பிய்த்து எறிந்தார்.

அடுத்த கதவுக்கு அவர் போவதற்குள் மாதேஸ்வரி தன் காய்கறித் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"காய்ச்சல் இருக்கிற வீட்டுக்கெல்லாம் கட்டுனது நான்தான். யாரையும் கேக்கல."

"சீக்கு வந்த ஊராட்டம் தெரியுது! இனிமே எவன் குடி வருவான்?"

"இருக்கிறவன் மொதல்ல பொழைக்கட்டும், ஓனரே."

உள்ளே அவள் மகள் ஹரிணி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். மருத்துவ முகாம் கேட்டு மாநகராட்சிக்கு நடந்ததில் மாதேஸ்வரிக்குச் செருப்புதான் தேய்ந்தது. இன்றைக்குத்தான் சுகாதார ஆய்வாளர் ராஜசேகர் கணக்குப் பார்க்கும் டேப்லெட் கருவியோடு வந்து நிற்கிறார். அதுவும், முகாம் கிடையாது என்று சொல்ல.

"கோவப்படாதீங்கம்மா. ஆஸ்பத்திரிக் கணக்குல உங்க தெருவுல காய்ச்சலே இல்ல."

"எப்படி இருக்கும்? இங்க பூரா கம்பெனி வேலைக்கு வந்த சனம். ஆஸ்பத்திரியில ஆதாரை நீட்டுறோம். அதுல பாரூர், காவேரிப்பட்டினம்னு சொந்த ஊரு. காய்ச்சல் இங்க, கணக்கு அங்க! உங்க முகாமும் அங்கதான் போயிருக்கும்."

ராஜசேகர் தலையைச் சொறிந்தார். "பாரூர்ல போட்டாங்க. ஒருத்தருமே வரலையாம்."

"அப்ப டேப்லெட்டை விட்டுட்டுத் தலையத் தூக்குங்க சார். இந்தக் கதவுங்கதான் எங்க கணக்கு."

பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வரிசையில்தான் சிவப்பு மொத்தமும். தொட்டி மூடியைத் தூக்கினார். கொசுப்புழு நெளிந்தது.

உடனே போனை எடுத்தார். "முகாம் வண்டியை இங்க அனுப்புங்க. தொட்டி கழுவ ஆளும் வேணும். ஓனருக்கு நோட்டீஸ் ஒண்ணு ரெடி பண்ணுங்க."

நாராயணப்பனுக்கு வெறி ஏறியது. "நாளைக்கே வீட்டைக் காலி பண்ணுடி!"

"பண்றேன். தொட்டியக் கழுவிட்டுச் சொல்லுங்க."

"நல்ல புடவையக் கிழிச்சுக் கட்டியிருக்கே. உனக்கேது இது? குடுத்தவ எவ? பேரைச் சொல்லு, அவளையும் இன்னைக்கே காலி பண்றேன்!"

அதுவரை சரிக்குச் சரி நின்ற மாதேஸ்வரி, கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

மாடிப் படியில் நாராயணப்பனின் மனைவி லட்சுமியம்மாள் இறங்கி வந்தாள். கையில், கிழித்தது போக மிச்சமிருந்த பாதிப் புடவை.

"நான்தாங்க. போன தீபாவளிக்கு நீங்க எடுத்துக் குடுத்தது, அடையாளம் தெரியலையா? சொல்லுங்க, எப்பக் காலி பண்ணட்டும்?"