துரையின் வான்கோழி வழக்கு

லண்டனில் இருந்து உப்புவெளிக்கு வந்த வெள்ளைக்காரர் ரொஜர், மேர்வின் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்ததுமே கண் கலங்கிவிட்டார்.

"என் பூட்டனார் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் திருகோணமலை நீதவான்," என்றார் ஆங்கிலத்தில். "அவருடைய தீர்ப்புகளையெல்லாம் தேடிப் படித்தேன். ஒன்றுகூட உருப்படியில்லை. தம்பலகாமத்து வயலை மிதித்த காட்டு யானைக்கே பிடியாணை பிறப்பித்திருக்கிறார்! அப்படியிருந்தும் பதவி உயர்ந்து, சேர் பட்டமும் வாங்கிவிட்டார்."

மேர்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

"நத்தார் பண்டிகை விருந்துக்கு என் பூட்டனார் வளர்த்த வான்கோழி காணாமல் போனது," என்று ரொஜர் தொடர்ந்தார். "ஒரு சாட்சிகூட இல்லாமல், உங்கள் பூட்டனாரான சந்தியாப்பிள்ளையை அவர் ஆறு மாதம் மறியலில் அடைத்தார். வான்கோழியும் அவருடையது, தீர்ப்பும் அவருடையது! இதைவிட அநியாயம் உண்டா? எங்கள் குடும்பத்தை மன்னித்துவிடுங்கள்."

மேர்வின் எழுந்து அவரைக் கட்டியணைத்து, மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மேர்வினின் மனைவி அருள்மலர் தேத்தண்ணி கொடுத்தார். ரொஜர் மூக்கைத் துடைத்தபடியே அதைக் குடித்துவிட்டு, ஓட்டோவில் ஏறிப் போனார்.

அருள்மலர் கணவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லியிருக்கலாமே! அந்த மனுசனுக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்?"

"அதை எப்பிடியப்பா சொல்லுறது?" மேர்வின் தலையைச் சொறிந்தார். "எங்கட பூட்டன்தான் வான்கோழியைக் களவெடுத்துக் கறி வைச்சுச் சாப்பிட்டவர் எண்டோ? அந்தத் துரை தன்ர வாழ்நாளிலேயே சரியாச் சொன்ன தீர்ப்பு அது ஒண்டுதான் எண்டோ?"