உப்பளத்திலிருந்து ஒருவர்

"ஒரே ஒரு ஆளுக்காக ஒரு மிஷினை ஓட விடணுமா, நிர்மலா?" கலைவாணன் சார் பிளக்கில் கை வைத்தபடி கேட்டார்.

"ரெண்டே நாள் சார். அவங்க இன்னும் பழைய எண்ணுக்குத்தான் வந்துட்டிருக்காங்க."

தப்பு அவளுடையதுதான். ரெட்டியார்பாளையத்து அந்தச் சின்ன அலுவலகத்தின் வெப்சைட்களைப் புது மிஷினுக்கு மாற்றியவள் அவள். எந்த வெப்சைட் பெயருக்கு எந்த மிஷினின் எண் என்பதை வெளிக் கம்ப்யூட்டர்கள் குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு அவள் கொடுத்திருந்த கெடு ஏழு நாள். மாற்றுவதற்கு முன்பே அதைக் குறைத்திருக்க வேண்டும். மறந்துபோனாள். கெடு முடியும்வரை சிலர் பழைய மிஷினுக்கே வந்து நிற்பார்கள்.

ஐந்தாம் நாளான இன்று ஒருவர்தான் மிச்சம். உப்பளம் பகுதியின் பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து, தினமும் மாலை ஐந்தரைக்கு, அவள் அப்பா கன்னியப்பனின் செடி நர்சரியின் வெப்சைட் பக்கத்தைத் திறக்கிறவர்.

அந்தப் பழைய பக்கத்தில் தங்கை அபி மல்லிகைத் தொட்டியை அணைத்துக்கொண்டு சிரிப்பாள். போன மாதம் ஆரோனைக் கட்டிக்கொண்டு அவள் உப்பளத்துக்குப் போன அன்று, "அவ மூஞ்சி நம்ம கடையில எங்கயும் இருக்கக் கூடாது" என்றார் அப்பா. நிர்மலா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, மிஷின் மாற்றும்போதுதான் எடுத்தாள். புதுப் பக்கத்தில் தொட்டி மட்டும் இருக்கிறது.

அபிதான் வந்து பார்க்கிறாள். இதை எப்படி சாரிடம் சொல்வது?

"நாளைக்கு இது வேற ஆபீசுக்குப் போவணும்மா." அவர் பிளக்கைப் பிடுங்கினார். மிஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல அடங்கியது.

மூலக்குளத்து வீட்டுக்கு அவள் வந்த பிறகுதான் அப்பாவின் மொபெட் வாசலில் வந்து நின்றது. ஒரு மாதமாகவே, வீடுகளுக்குச் செடி கொடுத்துவிட்டுத் திரும்ப அவருக்கு நேரமாகிறது.

கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

"பழைய மிஷினை நிறுத்தியாச்சுப்பா. இனிமே அபி படம் எங்கயும் வராது. போதுமா?"

அப்பா துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"உப்பளத்துலகூட வராதாம்மா?"