நட்ட நடுவில் ஐந்து

மல்லாங்கிணற்றுக் கண்ணுச்சாமி, ரைபிள் கிளப்பில் சேர்ந்து நான்கு வருடமாகியும் அவர் சுட்ட ஒரு குண்டுகூடக் குறி அட்டையில் பட்டதில்லை. இன்றைய போட்டியிலும் படாவிட்டால் பெயரை அடித்துவிடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

சிவகாசி அச்சாபீஸிலிருந்து புதிய அட்டைகள் அன்று காலைதான் வந்திறங்கின. முதல் ஆளாகக் கண்ணுச்சாமி குப்புறப் படுத்தார். குலதெய்வத்தை நினைத்து, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து குண்டுகளையும் சுட்டார்.

அட்டையைக் கழற்றி வந்த செயலாளர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். நட்ட நடுக் கறுப்பில் ஐந்து ஓட்டைகள்!

"அண்ணாச்சி, இம்புட்டு நாளா எங்களை ஏமாத்திட்டீகளே!"

"உங்க மனசு நோகக் கூடாதேன்னு விட்டுக்கொடுத்தேன்," என்றார் கண்ணுச்சாமி. கழுத்தில் மாலை விழுந்தது. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அடுத்துச் சுட்டவர் கிளப்பின் சாம்பியன் பெத்தணன். அவருடைய அட்டையில் பத்து ஓட்டைகள் இருந்தன.

"அஞ்சு குண்டுக்குப் பத்து ஓட்டையா? என்னய்யா கூத்து இது?" என்றார் செயலாளர்.

அட்டைக் கட்டோடு வந்திருந்த அச்சாபீஸ் சங்கிலிமுத்து பெருமையாக முன்னால் வந்தார்.

"சாம்பிள்ல ஒரு புள்ளி மாறக் கூடாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீக? அதுல அஞ்சு ஓட்டை இருந்துச்சு. அதுக்குன்னே தனியா அச்சு வெட்டி, ஐந்நூறு அட்டையிலயும் குத்தியிருக்கோம்."

"அடப்பாவி, அது நான் சுட்ட பழைய அட்டைய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் செயலாளர்.

எல்லாக் கண்களும் கண்ணுச்சாமியின் நெஞ்சுப் பக்கம் திரும்பின. அவர் அட்டையை மெல்ல விலக்கி எண்ணிப் பார்த்தார்.

ஐந்தேதான்.