டெஸ்டட் ஜரிகை

“வாங்கம்மா, வாங்க! எங்க பட்டுப் புடவை எல்லாமே டெஸ்டட் ஜரிகை! டெஸ்டட் ஜரிகை!”

மைக்கில் திரிஷா கத்தக் கத்த, கருட சேவைக்கு வந்த கூட்டம் நின்று பார்த்தது. ஸ்டால் பேனரிலும் அதேதான் கொட்டை எழுத்தில் இருந்தது. படித்தார்கள், சிரித்தார்கள், இலவச விசிறியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் எப்போதும் சிரித்த முகம்தான் போலிருக்கிறது என்று தாம்பரத்துப் பெண்ணான திரிஷா நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து ஸ்டால் பழனிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்தார்.

“ஊருக்குப் புதுசாம்மா?”

“ஆமா சார். கடையில சேர்ந்து பத்து நாள்தான் ஆச்சு.”

“அதான் பார்த்தேன். டெஸ்டட்னா இன்னான்னு நெனச்சுக்கினு இருக்கிற?”

“டெஸ்ட் பண்ணி ஓகே ஆன ஜரிகை சார்.”

பழனி தலையில் அடித்துக்கொண்டார். “அசல் ஜரிகைன்னா வெள்ளி. டெஸ்டட்னா செம்பு. இந்த ஊர்ல டெஸ்டட்னாலே டூப்ளிகேட்டும்மா! காலையிலேர்ந்து மைக் வெச்சு உங்க மொதலாளியம்மா மானத்தைக் கப்பலேத்திக்கினு இருக்கிற நீ.”

திரிஷா மைக்கை அணைத்தாள். எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. திருவிழா ஸ்டாலை எப்படி நடத்துகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வதாக முதலாளியம்மா பெரியநாயகி சொல்லியிருந்தார்.

“பேனர் பிரிண்ட் ஆகி வந்துச்சு. நான் யோசிக்காம அப்படியே கட்டிட்டேன். இப்ப என்ன சார் பண்றது?”

நல்ல மனிதர் பழனி. வெள்ளைத் தாள், மார்க்கர், செல்லோடேப் எல்லாம் அவரே கொடுத்தார். அவள் ஏறியபோது ஸ்டூலைக்கூடப் பிடித்துக்கொண்டார். ‘டெஸ்டட்’ மறைந்து ‘அசல்’ வந்தது. அவருடைய பேனரிலும் அப்படித்தான் இருந்தது.

கூட்டம் மொய்த்தது. ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்த கலாவதி, மகள் கல்யாணத்துக்கென்று அரக்கு நிறப் புடவை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு அசல் ஜரிகையா என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியநாயகி வந்தார். பேனரை அண்ணாந்து பார்த்தார். ஸ்டூலில் ஏறி, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

“யாரும்மா இதை ஒட்டினது?”

“நான்தான் மேடம். தப்பா பிரிண்ட் ஆயிடுச்சுன்னு...”

“தப்பெல்லாம் இல்ல. நான்தான் எழுதிக் குடுத்தேன். நம்மகிட்ட இருக்கிறது டெஸ்டட்தான்.” பெரியநாயகி கலாவதி பக்கம் திரும்பினார். “இது செம்பு ஜரிகைம்மா. கட்டினா நல்லா எடுப்பா இருக்கும். ஆனா நாளைக்கு ஒரு அவசரத்துக்கு வித்தா வெள்ளி வெலை வராது.”

கலாவதி புடவையைக் கீழே வைத்தாள். “நல்லவேளை சொன்னீங்க. பக்கத்து ஸ்டால்ல அசல்னு போட்டிருக்குது. ரெண்டாயிரந்தான் ஜாஸ்தி.”

“தாராளமா வாங்கும்மா. பில்லுல மட்டும் அசல் ஜரிகைன்னு எழுதித் தரச் சொல்லு.”

கலாவதி போனாள். அவளோடு கூட்டமும் போனது. வேலையும் போயிற்று என்று திரிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தேடினாள்.

“எங்கம்மா கெளம்பற? மைக்கைப் புடி. காலையில எப்படிச் சொன்னியோ, அப்படியே சொல்லு.”

திரிஷா நாலு தரம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள், கலாவதி திரும்பி வந்துவிட்டாள். முகம் சிறுத்திருந்தது.

“பேனர்ல எழுதுவாராம். பில்லுல எழுத மாட்டாராம்.”

“பாவம், அவரு எப்படி எழுதுவாரு?” பெரியநாயகி அரக்குப் புடவையை எடுத்து மறுபடி விரித்தார். “அவரும் நானும் ஒரே ஆளுகிட்டதானம்மா ஜரிகை வாங்கறோம்.”