கேப்டனின் உத்தரவு

"உங்க வீட்டுக்காரர் யார் சொன்னா கேப்பார்?" என்று டாக்டர் ஒருமுறை அவளிடம் கேட்டார்.

"கேப்டன் சொன்னா கேப்பார்."

"மிலிட்டரியா?"

"இல்ல டாக்டர், கம்ப்யூட்டர் கேம். அஞ்சு பேர் டீமு. கேப்டன் யாரு என்னன்னு இவருக்கே தெரியாது."

டாக்டர் பேனாவை மூடினார். "உக்காந்தே கிடந்ததுல கால்ல ரத்தம் கட்டியிருக்கு. மாத்திரையில கரைச்சுடலாம். மறுபடி கட்டி, அது நுரையீரலுக்குப் போச்சுன்னா என் கையில இல்ல. அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்க."

"சரி சரி" என்றான் கணவன், செல்போனிலிருந்து தலை நிமிராமல்.

காரோட்டி வந்த அவள் அம்மா, சுவரில் மாட்டியிருந்த ரத்தக் குழாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்தும் மாப்பிள்ளையோடு அவருக்குப் பேச்சு கிடையாது. கல்யாண மேடையிலேயே போனை நோண்டியவனோடு என்ன பேச்சு என்பது அவர் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். "எழுந்து நாலடி நடங்களேன்" என்று அவள் சொன்னால், "இந்த ரவுண்டு முடியட்டும்" என்பான். அந்த ரவுண்டு முடியவே முடியாது.

நல்லவேளை, கேப்டன் கண்டிப்பானார். அவர் மைக்கில் பேசுகிற ஆள் இல்லை; உத்தரவெல்லாம் எழுத்தில்தான். 'எல்லோரும் எழுந்து நடங்கள். நடக்காதவனுக்கு அடுத்த ரவுண்டு கிடையாது.' அவன் துள்ளி எழுந்து ஹாலைச் சுற்றி வருவான். உட்கார்ந்திருக்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவான். தண்ணீர்கூடக் குடித்தான்.

"நான் சொன்னப்ப மட்டும் காது கேக்கலையா?"

"நீ என்ன கேப்டனா?"

பிறகு ஒரு வாரம் கேப்டன் ஆளையே காணோம். அவன் மறுபடி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரையிறுதி ஆட்டம். கேப்டன் வந்துவிட்டார். பாதி ஆட்டத்தில் அவனுக்கு வலது கெண்டைக்கால் விண்விண்ணென்று தெறித்தது, தொட்டால் சுட்டது. மனைவியிடம் சொன்னால் ஆட்டம் போச்சு. கேப்டனுக்கு மட்டும் எழுதினான்: 'வலது கால் வீங்கியிருக்கு, வலிக்குது. யாருக்கும் சொல்லல. சமாளிச்சுடுவேன்.'

பதில் இல்லை. திரையில் கேப்டனின் பொம்மை நடுத்தெருவில் அப்படியே நின்றது.

"எதிரிங்க வர்றாங்க, ஓடுங்க கேப்டன்!" என்று கத்தினான்.

உள்ளறைக் கதவு திறந்தது. காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த மாமியார் வேகமாக வந்தார்.

"ஏய், பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு வா" என்றார் மகளிடம். "இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வலது கால் வீங்கியிருக்கு."

"வலது காலா? உனக்கு யாரும்மா சொன்னது?"

அவன் மாமியாரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். அங்கே கேப்டன் செத்துக் கிடந்தார். நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து நின்றான்.

"கேப்டன்...?"

மாமியார் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.