கட்டி முடித்த மெஷின்

ஜான்கி அக்கா கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பிஜேந்திரா அண்ட் சன்ஸ் திவாலாகிவிட்டது, ஐந்து ஊர்க் கடைகளும் மூடப்படுகின்றன என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. காலையிலிருந்து எங்கள் லௌடோகா ஊரில் பாதி அதன் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தது.

நான் கதவுக்கு உள்ளே நின்றேன். ஏழு வருடம் சாமான் விற்ற கடை. இன்று ஊர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் அங்கே எனக்கு வேலை.

பிஜேந்திரா இல்லை. எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த மூன்றாம் மாதம், பெண்டாட்டி பிள்ளைகளோடு சிட்னிக்குப் பறந்துவிட்டான். பயந்து நாட்டைவிட்டுப் போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. யார்தான் பயப்படவில்லை? பிளேன் ஏறுவதற்கு முந்தின நாள் வரை லே-பை பணத்தைக் கை நீட்டி வாங்கினானே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சாமானைக் கடையிலேயே வைத்துவிட்டு, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்து எடுத்துப் போவதுதான் லே-பை. எங்கள் ஆட்கள் கட்டிலிலிருந்து கல்யாணப் பாத்திரம் வரை அப்படித்தான் வாங்கினார்கள். அவனை நம்பித்தான் வாங்கினார்கள்.

ஜான்கி அக்கா வாங்கியது தையல் மெஷின். டூரிஸ்ட் வருவது நின்றதும் அவர் புருஷன் கோவிந்துக்கு ஹோட்டல் சமையல் வேலை போய்விட்டது. அக்கா நடபுவா பக்கம் வீடு வீடாக அலைந்து, நாற்பது பிள்ளைகளுக்குப் பள்ளி யூனிஃபார்ம் தைக்க ஆர்டர் பிடித்திருந்தார். இனி அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் மெஷின் ஓட வேண்டும்.

கடைசித் தவணையை ஒரு வாரத்துக்கு முன்பே கட்டிவிட்டார். ரசீது முந்தானை முடிச்சில் இருந்தது. மெஷின் எனக்குப் பின்னால், அவர் பெயர் எழுதிய சீட்டோடு இருந்தது. பத்தடி தூரம்.

நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான் வெள்ளைக்காரன். கடன் கொடுத்தவர்கள் சார்பில் கடையை இழுத்து மூட வந்தவன். அவன் முழங்கைக்கு அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. மிச்சச் சரக்கை விற்றுத் தீர்க்கும் ஆறு வாரத்துக்கு யார் யாரை வேலையில் வைத்துக்கொள்வது என்கிற லிஸ்ட். முதலாளியின் தில்லுமுல்லில் பங்கு உண்டென்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று காலையிலேயே எங்களிடம் சொல்லியிருந்தான்.

அக்காவின் முறை வந்து உள்ளே விட்டதும், அவர் நீட்டிய ரசீதைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். முழுப் பணமும் கட்டியவள் ஏன் எடுத்துப் போகவில்லை என்று கேட்டான். கடைதான் வைத்திருக்கச் சொன்னதென்றால் மெஷின் அவளுடையது. அவளாக விட்டுவைத்திருந்தால் அது கடைச் சரக்கு. கட்டிய பணத்தைக் கேட்டு அவள் ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

கேள்வியை நான் தமிழில் சொன்னேன்.

கடைத்தெருவில் ஜான்கி அக்கா ஹிந்திதான் பேசுவார். கோபம் வந்துவிட்டால் தமிழ்தான். என்னோடு கடையில் வேலை பார்த்த பிரனீல் பக்கத்தில்தான் நின்றான், அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியாது. அன்றைக்கு அக்காவின் வாய் நான்தான்.

அவர் மூச்சு விடாமல் பேசினார். நான் மூச்சு விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். கோவிந்தின் வேலை போனதைச் சொன்னேன், நாற்பது யூனிஃபார்மைச் சொன்னேன். அவர் பிஜேந்திராவுக்குக் கொடுத்த ஒவ்வொரு வசவுக்கும் ஈடாக ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். என் பங்குக்கு இரண்டைச் சேர்த்தும் விட்டேன். வெள்ளைக்காரனின் காது சிவந்துவிட்டது.

கோவிந்த் மாரியம்மன் கோவில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்ததையும் சொன்னேன். பத்து நாள் விரதம், அது முடியும்வரை வீட்டுக்குள் புதுச் சாமான் வரக் கூடாது, அதனால் மெஷின் இங்கேயே இருந்துவிட்டது என்றேன்.

அப்படியானால் அவளாகத்தான் விட்டுவைத்திருக்கிறாள் என்றான். பெயர்ச் சீட்டைப் பிய்த்துக் கூடையில் போட்டான்.

அதையும் நான் தமிழில் சொன்னேன்.

ஜான்கி அக்கா கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். பிறகு ரசீதை மடித்து மறுபடி முந்தானையில் முடிந்தார். போகிற வழியில் என் கையைப் பிடித்தார்.

"நீ எனக்காவ எவ்ளோ சண்ட போட்டே, ரஞ்சீதா. அந்தாளுக்கு நம்ம சாமி வெசயம் எங்க புரியப் போவுது."

அவர் பேசியதில் ஒன்றே ஒன்றை நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"பணம் கட்டுன அன்னிக்கே கேரியர் வண்டி புடிச்சிக்கினு மெஷின எடுக்க வந்தேன், இந்தப் பொண்ணுதான் வெரதம் முடியட்டும் அக்கா, அப்பறம் எடுத்துக்கலாம்னு திருப்பி அனுப்பிச்சிது."

கடை காலியாகத் தெரியக் கூடாது, கட்டி முடித்தவர்களையும் எதையாவது சொல்லி நிறுத்தி வை என்றுதான் பிஜேந்திரா சொல்லியிருந்தான். விரதத்தைச் சொல்லி நிறுத்தலாம் என்று கண்டுபிடித்தது நான்.

வெள்ளைக்காரன் ஒரு புதுச் சீட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டி, மெஷினுக்குப் பாதி விலை போடச் சொன்னான்.

போட்டேன்.