மழையும் அவர்களே, குடையும் அவர்களே

அது மறுபடி வந்து பக்கத்தில் நின்றது.

அவன் சுவரோரமாக நகர்ந்தான். அதுவும் நகர்ந்தது. திரும்பத் தெரியாமல் சுவரில் முட்டி, முட்டிய இடத்திலேயே கொஞ்ச நேரம் நடந்தது.

கம்ப்யூட்டர் திரையில் அதன் தலைக்கு மேல் பெயர் மிதந்தது. மல்லி77.

ஒரு வாரமாக இதே கூத்து. அவன் எந்தக் களத்தில் இறங்கினாலும் பின்னாலேயே வந்துவிடுகிறது. கையில் துப்பாக்கி இருக்கிறது, சுடுவதில்லை. அவன் உட்கார்ந்தால் உட்காருகிறது. அவன் குதித்தால், சற்றுத் தாமதித்துக் குதிக்கிறது.

மனிதர்கள் இப்படி விளையாடுவதில்லை.

நாணயம் போட்டு ஆடும் பெட்டிகளின் காலத்திலிருந்து விளையாடுகிறவன் அவன். பகலில் பம்புசெட் கம்பெனியில் வேலை, அது வயிற்றுக்கு. எந்த கேமை வாங்கலாம், எதை வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்வோம் என்று இணையத்தில் அவன் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் பலர் பர்ஸைத் திறக்கிறார்கள்.

அவன் எந்தக் கம்பெனியையும் நம்பியதில்லை. அரைகுறையாக விற்றுவிட்டு மிச்சத்தைத் தனி விலைக்குத் தருகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்.

போன மாதம் இந்த விளையாட்டில் திடீரென்று மழை பெய்தது. என்ன அழகு, என்ன அழகு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அவன் மட்டும் காத்திருந்தான்.

அடுத்த வாரம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் கடையில் குடை வந்தது.

நிஜக் குடையைவிட விலை அதிகம். இத்தனைக்கும் அந்த மழையில் யாரும் நனைவதில்லை.

அவன் இதுவரை அந்தக் கடைக்குள் காலே வைத்ததில்லை. முதல் நாள் இலவசமாகக் கொடுத்த காக்கிச் சட்டையோடுதான் இன்றும் சுற்றுகிறான்.

மல்லி77ம் காக்கிச் சட்டைதான்.

அவன் போட்ட கணக்கு எளிது. ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வெறிச்சோடிய களத்தில் குடையை யாரிடம் விற்பது? அதனால் கம்பெனியே போலி ஆட்களை இறக்கிவிடுகிறது. துணைக்கு ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பில் நாமும் நாளைக்கு வந்துவிடுவோம்.

இதை எழுதினான். ஆதாரம் எங்கேண்ணா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தருகிறேன், தராவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

இன்று ஞாயிறு.

மத்தியானம் சோறு போடும்போது மனைவி வாசுகி கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பொம்மை உங்கள என்ன பண்ணுச்சு? சும்மா பக்கத்துலதான நிக்குது?"

"அதான் சந்தேகமே. காரியமில்லாம எவன் பக்கத்துல வந்து நிப்பான்?"

"பதினாறு வருசமா நான் நிக்கலீங்களா?"

ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவன் சிரித்துவிட்டு எழுந்தான்.

வாசுகி இப்போதெல்லாம் அவனைத் திட்டுவதில்லை. எந்நேரமும் அந்தத் திரையைக் கட்டிக்கொண்டு அழுங்க என்பதில்லை. சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தங்கச்சியோடு பேசுவாளாக இருக்கும்.

அவன் தன் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, திரை தெரியும்படி வைத்து, பதிவை ஓடவிட்டான். சத்தமும் பதிவாக வேண்டும் என்று ஹெட்போனைக் கழற்றிப்போட்டான்.

சோதனை ரொம்பச் சுலபம். துப்பாக்கியை நீட்டினால் மனிதன் ஓடுவான். இல்லை, திருப்பிச் சுடுவான்.

பொம்மைக்கு அது தெரியாது.

திரும்பி நின்று குறிவைத்தான்.

மல்லி77 ஓடவில்லை. துப்பாக்கியை நீட்டவில்லை. குழலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு ஒருமுறை குதித்தது.

"பார்த்துக்குங்க," என்றான், தன்னைப் படிக்கிறவர்களுக்கு.

சுட்டான்.

காக்கிச் சட்டை மல்லாந்து விழுந்தது.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அட, சுட்டுப்போட்டாரு."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பதிவும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கதவைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான்.

செத்தவர்கள் மீண்டும் உயிர்த்து வரும் மூலையிலிருந்து அது வந்தது. வழியில் ஒரு மரத்தில் முட்டியது. ஒரு வேலியில் முட்டியது. விலகி, தடுமாறி, நேராக அவனிடமே வந்தது.

பக்கத்தில் நின்றது.

நின்றாள்.

அவன் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினான். எடுத்தவரைக்கும் அழித்தான். இனி ஆதாரம் இல்லை. கொடுத்த வாக்குப்படி இனி எழுதவும் முடியாது.

களத்தில் மழை பிடித்தது.

காக்கிச் சட்டைகள் இரண்டும் நனையாமல் நின்றன. திரையின் ஓரத்தில், என்றைக்கும்போல, ஒரு சின்னக் குடை மின்னி மின்னி அவனைக் கூப்பிட்டது.

இந்த ஒரு நொடிக்காகத்தான் கம்பெனிக்காரர்கள் மழையையே பெய்யவிட்டார்கள். அவனுக்குத் தெரியும். அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

கடையைத் திறந்தான்.

விலையைக் காட்டுவதற்கு முன் அது நிறத்தைக் கேட்டது. வாசுகிக்குப் பிடித்த நிறம் எது?

அவன் யோசித்தான்.

மழை பெய்துகொண்டே இருந்தது. மல்லி77 நகராமல் நின்றாள்.

அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.